துரைசாணியின் நடையைப் புகழ்ந்த கதை

ஆங்கிலம் தெரியாதவனுக்கு ஆபத்தில்லை. வாயை மூடிக்கொண்டு பிழைத்துப்போவான். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டு, அதை எங்கே எடுத்துவிடலாம் என்று அலைகிறவன்தான் கெட்டுப்போவான்.

நான் அலைந்தேன். கண்டியில் படித்து முடித்த கையோடு என் நாக்கில் ஒட்டிக்கொண்டது ‘ஆஸ் இஃப் ஷி வேர்’. அதாவது, ஒருவர் தாம் அல்லாத ஒன்றாகவே இருந்தால் எப்படியோ, அப்படி என்று ஒப்பிடுவது. ‘வாஸ்’ வரவேண்டிய இடத்தில் ‘வேர்’ போட்டால் வெள்ளைக்காரனே எழுந்து நிற்பான் என்று நம்பினேன். (நம்பிக்கை வீண்போகவில்லை. எழுந்து நின்றார்.)

ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கர் வேலை காலி. என் தாய்மாமன் அங்கே பெரிய கங்காணி. வேலை கிடைத்தால் மகள் காமாட்சியைத் தருவதாகச் சொல்லி, என்னைத் துரை பங்களாவுக்கு அழைத்துப்போனார்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க மாப்பிள."

அந்த ‘மாப்பிள’யிலேயே எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது.

துரை கேட்டார், சொன்னேன், தலையாட்டினார். அந்த நேரம் பார்த்துத் துரைசாணி வராந்தாவுக்கு வந்தார். நல்ல ஆகிருதியான அம்மாள். வேலை தரப்போகிறவரின் மனைவியைப் புகழாமல் விடலாமா? பெண்ணின் நடைக்கு நம் புலவர்கள் அன்னத்தையும் சொல்வார்கள், பெண்யானையான பிடியையும் சொல்வார்கள். அன்னம் போதாது என்று பட்டது.

"மேடம் வாக்ஸ் ஆஸ் இஃப் ஷி வேர் அன் எலிஃபன்ட், சேர்!"

(‘வேர்’ கச்சிதமாக விழுந்தது. அதில் இன்றைக்கும் எனக்குப் பெருமைதான்.)

துரை எழுந்தார். கோபத்தில் தோட்டத் தமிழுக்கு மாறிவிட்டார். "நீ என்னா பேசறான்?"

சாதாரண யானையைச் சொல்லிவிட்டதால்தான் கோபம் போலிருக்கிறது என்று, கண்டிப் பெரஹரா ஊர்வலத்தில் புனிதப் பேழை சுமக்கிற யானையைச் சொன்னதாக விளக்கினேன். (அது கொம்பன், ஆண்யானை.)

மாமாவின் கை என் பிடரியில் விழுந்தது. "கிறுக்குப் பய தொரே! இவனுக்கும் எனக்கும் ஒறவே இல்லீங்க!"

வேலை போயிற்று. காமாட்சியும் போய்விட்டாள் என்று வீட்டில் குப்புறப் படுத்து அழுதேன். ஆனால் செய்தி தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் பரவி, கொழுந்து எடுத்த பெண்களெல்லாம் கூடையோடு குலுங்கிச் சிரித்திருக்கிறார்கள். காமாட்சி அப்பாவிடம் கறாராகச் சொல்லிவிட்டாளாம்:

"தொரசாணி நடைய வாய் தொறந்து சொன்ன ஒரே ஆம்பள இவருதான். கட்டுனா இவரத்தான் கட்டுவேன்."

கட்டினாள். கண்டியில் ஒரு துணிக்கடையில் எனக்கு வேலையும் கிடைத்தது. இப்போதும் புதுச்சேலை உடுத்தினால் பிள்ளைகளிடம் கேட்பாள், அக்கம்பக்கத்தில் கேட்பாள், வாசலுக்கு வந்த மீன்காரரிடம்கூட நல்லா இருக்கா என்று கேட்பாள். என் பக்கம் திரும்பினால் மட்டும் ஒரே பேச்சுதான்.

"நீங்க ஒண்ணும் சொல்லிடாதீங்க."