பவுனுவைப் பொங்கலுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும்

பெருமுக்கல் ரோடு, திண்டிவனம்
கார்த்திகை 19

பாசமும் மரியாதையும் கூடிய அன்புச்செல்வன் அண்ணனுக்கு,

தங்கை தேவயானி எழுதுவது. இங்கே மனிதர்கள் சுகம், குதிரையும் சுகம். அங்கே ஷார்ஜாவில் நீங்களும் நீங்கள் பழக்கும் நாற்பது குதிரைகளும் சுகமாக இருக்க மேல்மலையனூர் அம்மனை வேண்டிக்கொள்கிறேன். குதிரை வாயில் மாட்ட மூன்று கடிவாளங்களைக் கொடுத்தனுப்பி, “எது எப்படி வேலை செய்யுதுன்னு விவரமா எழுதும்மா, மிருதுவானதுல ஆரம்பி” என்று நீங்கள் சொல்லி நாலு மாதம் ஆகிறது. தாமதத்துக்கு மன்னியுங்கள். குதிரைக்குப் பின்னால் ஓடி முடித்து எழுத உட்கார்ந்ததே இப்போதுதான்.

விழுப்புரத்தில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற பாண்டுரங்கனிடம் என் வீட்டுக்காரர், அதான் உங்கள் மச்சான், இந்தப் பவுனுவை வாங்கியது உங்களுக்குத் தெரியும். ஒரு கல்யாணத்தில் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்ட உங்கள் மருமகள் கலைமதி, பதினோரு வயசாகியும் கைக்குழந்தை மாதிரி அழுது அடம்பிடித்து விட மாட்டேன் என்றதால் வந்த வினை அது. “ஒத்து வரலைன்னா பொங்கலுக்குள்ள சொல்லுங்க, நானே எடுத்துக்கறேன்” என்று பாண்டுரங்கன் சொன்ன அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நான் சோறு தின்கிறேன். ஏனென்றால் பவுனு வந்த நாளிலிருந்து நிற்காது. கடிவாள வாரை இழுத்தால் கழுத்தை வளைத்துக்கொண்டு ஆடும்.

நீங்கள் அனுப்பிய மூன்றில் மெல்லிசானதை எடுத்தவள் நான்தான். முறுக்குக் கம்பி, கொலுசு மாதிரி அழகாக இருந்தது. கணிதத்தில் பட்டம் வாங்கியவளின் கணக்கு: மெல்லிசு என்றால் மிருது, தடி என்றால் கொடுமை. அதை மாட்டிக்கொண்டு கலைமதி மரக்காணம் ரோட்டில் போக, உங்கள் மச்சான் பின்னாலேயே பைக்கில் போக, கல்யாண மண்டபத்தில் மேளம் கொட்ட, பவுனு அந்தப் பக்கம் திரும்ப, பிள்ளை பயந்து வாரை இழுக்க, இழுக்க இழுக்க அது ஒவ்வொரு காலாகத் தூக்கி ஆடிக்கொண்டே மண்டப வாசலுக்குப் போய்விட்டது. மாப்பிள்ளையின் அக்கா ஆரத்தித் தட்டோடு ஓடி வந்து, “சொல்லவே இல்ல பாருடி, பொண்ணு வூட்டுக்காரங்க குதுரயெல்லாம் ஏற்பாடு பண்ணியிருக்காங்க!” என்று பவுனு நெற்றியில் குங்குமம் வைத்தார்களாம். உங்கள் மச்சானைக் கையைப் பிடித்து முதல் பந்தியில் உட்கார வைத்தார்களாம். வந்து என்ன சொன்னார் தெரியுமா? “சும்மா சொல்லக் கூடாது, வடை நல்லா இருந்துச்சு.”

சரி, மெல்லிசுக்கு அடங்கவில்லை என்று இரண்டாவதைப் போட்டோம். தாடைக்குச் சங்கிலியும் பக்கவாட்டில் நீளக் கம்பியும் உள்ளது. அன்றைக்கு எதிரே ஒரு சாவு ஊர்வலம். பறைச் சத்தம் கேட்டதும் பவுனு முன்னங்கால் இரண்டையும் தூக்கிவிட்டது. கலைமதி முதுகில் கோந்து மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறாள், நான் செருப்பில்லாமல் ஓடுகிறேன், அது பாடைக்கு முன்னால் ஆடிக்கொண்டு போகிறது. அடிக்கப் போகிறார்கள் என்று பார்த்தால், இறந்தவரின் மூத்த மகன் என்னைப் பார்த்துக் கும்பிடுகிறார். “எங்கப்பா மொபெட்டு கூட ஏறுனதில்லமா. கடைசில குதுர வந்து கூட்டிக்கினு போவுது. ஜல்தியா ஓட்டிக்கினு போயிடாதீங்க, சுடுகாடு வரைக்கும் வரட்டும்.” போனோம் அண்ணா. வேறு வழி?

மூன்றாவது, தடி ரப்பர். உலக்கைப் பிடி மாதிரி இருந்ததால் அதைப் பீரோவில் ஒளித்து வைத்தேன். ஒரு நாள் அடுப்படிக்குப் போனால் கலைமதி மூன்றையும் கழுவி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தன் வாயில் போட்டு, இரண்டு பக்கமும் கையால் இழுத்துப் பார்க்கிறாள்.

“துப்புடி சனியனே!”

“இரும்மா. மெலிசுதான் நாக்க அறுக்குது. தடி ரப்பரு ஒண்ணுமே பண்ணல. நீதான் தப்பா போட்டுட்ட.”

பாண்டுரங்கனுக்குப் போன் போட்டுக் கேட்டோம். “இழுத்தா ஆடணும்னுதாம்மா மூணு வருசம் பழக்குனேன்! நீங்க நிறுத்தணும்னு இழுக்கறீங்க, அது இன்னும் நல்லா ஆடணும்னு நெனச்சிக்கினு ஆடுது” என்றார், பெருமை தாங்காமல். இத்தனை மாதமாக நாங்கள் முரடு முரடு என்று திட்டிய குதிரை, தன் வாய் வலிக்க வலிக்க, சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு என் மகள் செய்ததை எழுதாவிட்டால் எனக்குப் பாவம் சேரும். ரப்பரைப் போட்டு, வாரைத் தொங்க விட்டு, பத்து அடி போவாள். நிற்க வேண்டுமென்றால் இழுக்க மாட்டாள். உடம்பைக் கனமாக்கி உட்கார்ந்து, மூச்சை நீளமாக விடுவாள். பவுனு நின்றால் ஒரு பிடி கடலை ஆய்ந்த மல்லாட்டைக் கொடி. நான் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடப்பேன். நானும் அதே மாதிரி மூச்சு விடப் பழகினேன். அவள் அப்பா பிளாஸ்டிக் பக்கெட்டில் மேளம் அடிப்பார். முதல் வாரம் ஆடியது, இரண்டாவது வாரம் காதை மட்டும் ஆட்டியது. ஒரு நாளாவது பிள்ளை கோபப்பட்டாளா என்றால் இல்லை. வீட்டுப் பாடத்துக்கு ஐந்து நிமிஷம் உட்கார முடியாத பெண்ணுக்கு இந்தப் பொறுமை யார் கொடுத்தது? மூன்றே வாரம். நேற்று தனியாக ஏரிக்கரை வரை போய்த் திரும்பி, என் எதிரே பூப்போல வந்து நிறுத்தினாள். அவ்வளவு அழகு, அண்ணா. நான் நின்ற இடத்திலேயே செத்துப் பிழைத்தேன்.

அதனால்தான் சொல்கிறேன், இது வேண்டாம். இன்று ஏரிக்கரை, நாளை எதுவரை? நல்ல குதிரையிலிருந்தும் பிள்ளை விழும். நான் தாய், என்னால் முடியாது. கார்த்திகைக் கடைசி வெள்ளிக்கிழமை பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு வேனோடு வரும்படி பாண்டுரங்கனிடம் சொல்லிவிட்டேன். உங்கள் மச்சான் நீங்கள் சொன்னால்தான் கேட்பார். தயவுசெய்து போன் செய்து பவுனுவை அனுப்பிவிடச் சொல்லுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு அத்தையின் முத்தம். வெயிலில் தொப்பியில்லாமல் நிற்காதீர்கள்.

உங்கள் சொல்லைத் தட்டாத தங்கை,
தேவயானி

பி.கு.: போன் செய்ய வேண்டாம். கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. பாண்டுரங்கன் கயிற்றை வெடுக்கென்று இழுத்தார். பவுனு ஆடவில்லை, வேனிலும் ஏறவில்லை, அவரையே பார்த்தது. “இன்னாமா, தாசில்தார் மாதிரி நிக்குது! நீங்க முன்னால நடங்க, பின்னாலயே வந்துரும்” என்றார். உண்மைதான், வந்துவிடும். கயிற்றை வாங்கினேன். நடக்கவில்லை. மூச்சை நீளமாக விட்டேன். அவர் பார்த்துக்கொண்டே இருக்க, அரை மணி நேரம் நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே நின்றோம். “முகூர்த்தத்துக்கு நேரமாவுது, பெரிய பேஜாரா போச்சு” என்று வெறும் வேனோடு கிளம்பிவிட்டார். கலைமதிக்கு ஒரு ஹெல்மெட் வாங்கி அனுப்புங்கள். கொண்டையோடு நுழைகிற மாதிரி பெரிய சைசில் இன்னொன்று. அது யாருக்கு என்று உங்கள் மச்சானிடம் சொல்ல வேண்டாம்.