வெந்நீர் சார் ஏறிய கப்பல்

அந்தமானில் வருடத்துக்கு எட்டு மாதம் மழை பெய்கிறது. அந்தத் தண்ணீரில் பாதியைக் கொதிக்கவைத்துத் தன் முட்டியிலேயே தீர்த்தவர் ஒருவர் உண்டு என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். எங்கள் ஆபீஸ் கெட்டிலுக்கு வாய் இருந்தால் அது சாட்சி சொல்லும். பாவம், அது அவருடைய மூன்றாவது கெட்டில்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி, அபர்டீன் பஜாருக்குப் பின்னால் இருந்த எங்கள் அரசாங்க ஆபீஸில் பியூன் முதல் பெரிய அதிகாரி வரைக்கும் அவர் வெந்நீர் சார்தான். ஸ்டோர் கீப்பர் வேலை. ஆணி, போல்ட், பெயின்ட் டப்பா, கயிற்றுச் சுருள் இவற்றுக்கு நடுவே ஒரு மேஜை. மேஜைக்கு அடியில் இரண்டு முட்டிகள். முட்டிகளின் மேல் வெந்நீர் நிரப்பிய சிவப்பு ரப்பர் பை. கெட்டிலை அவர் பிளக்கில் சொருகினால் ஆபீஸில் ஃபேன் நிற்கும். ஃபேன் நின்றால் மணி பதினொன்று என்று நாங்கள் எழுந்து டீ குடிக்கப் போவோம்.

மாத்திரை மேல் அவருக்கு விரோதம் ஒன்றும் கிடையாது. பல வருடம் வலி மாத்திரையைக் கடலைமிட்டாய் போலப் போட்டுக்கொண்டு ஓடியவர்தான். கடைசியில் வயிற்றில் புண் வந்து, ரத்த வாந்தி எடுத்து, ஆஸ்பத்திரியில் படுத்தார். அங்கே டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இனிமே இந்த மாத்திரை உங்க வயித்துக்கு ஆகாது. முட்டி தேஞ்சிருக்கு, அது புதுசா முளைக்காது. எடையைக் குறைங்க, தொடைக்குப் பயிற்சி குடுங்க, தண்ணிக்குள்ள நடங்க, ஒத்தடம் குடுங்க. வலி குறையும்." நாமாக இருந்தால் வாசலைத் தாண்டும்போதே அதில் பாதியை மறந்திருப்போம். அவர் ஒரு வார்த்தை விடாமல் செய்ய ஆரம்பித்தார். எங்கள் ஆபீஸின் நிம்மதி அன்றோடு போயிற்று.

முதலில் எடை. ஸ்டோரில் ஆணி மூட்டை நிறுக்கும் பெரிய தராசு இருந்தது. திங்கட்கிழமை தோறும் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறுவார். "தம்பி, இந்த வாரம் ரெண்டு கிலோ மூணு இஞ்ச் ஆணி எறங்கியிருக்கேன்" என்பார். ராத்திரிச் சோற்றை நிறுத்தி மூன்று மாதத்தில் ஒன்பது கிலோ ஆணி குறைந்தார். அவருக்குப் பயந்து ஹெட் கிளார்க் பெங்காலி தாதா தன் ரசகுல்லா டப்பாவை ஃபைல் அலமாரிக்குள் ஒளித்து வைத்துக்கொண்டார்.

அடுத்தது தொடைப் பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலை நீட்டி, பத்து எண்ணி, இறக்க வேண்டும். ஒருநாள் மெயின்லேண்டிலிருந்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரி எதிரே உட்கார்ந்து ஸ்டாக்கைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். பயிற்சி நேரம் வந்துவிட்டது. மேஜைக்கு அடியில் கால் நீண்டது, அதிகாரியின் முழங்காலில் நச்சென்று பட்டது.

"யே க்யா ஹை?" என்று அதிகாரி துள்ளி எழுந்தார்.

"ஏக் மினிட் சார். ஆறுதான் ஆச்சு. பத்து வரைக்கும் எண்ணியே ஆவணும்" என்றார் வெந்நீர் சார், காலை இறக்காமலே.

அதிகாரி முறைத்தார். பிறகு மெல்ல நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் அம்மாவுக்கும் முட்டி வலி, என்ன செய்யலாம் என்று விசாரித்தார். அன்றைய இன்ஸ்பெக்‌ஷன் முழுக்க முட்டியைப் பற்றியே நடந்தது.

சைக்கிள் ஷெட்டின் மேல் முடக்கத்தான் கொடி ஏற்றினார். அது ஷெட்டைத் தாண்டி ஆபீஸ் ஜீப்பின் கண்ணாடி வரைக்கும் போனது. முடக்கத்தான் தோசை சுட்டு எல்லோருக்கும் கொண்டுவருவார். "இது முட்டிக்குக் கேக்குதா சார்?" என்றேன். "முட்டிக்குக் கேக்குதோ இல்லியோ, பொட்டுக்கடலைச் சட்னிக்கு நல்லாக் கேக்குது" என்றார். அந்த நேர்மை அவரிடம் இருந்தது. ஒத்தடமும் நடையும்தான் தனக்கு நிஜமாக வேலை செய்கின்றன என்று அவரே சொல்வார்.

இத்தனையும் எதற்கு? லிட்டில் அந்தமான் தீவில், ஹட் பே என்ற ஊரில் இருக்கும் தன் அக்காவைப் பார்க்க.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அனுப்பிவைக்கப்பட்டு இந்தத் தீவுகளுக்கு வந்து சேர்ந்த குடும்பம் அது. அம்மா சீக்கிரம் போய்விட, தம்பியைத் தூக்கி வளர்த்தவர் அக்கா. கல்யாணமாகி லிட்டில் அந்தமானில் எண்ணெய்ப் பனைத் தோட்ட வேலைக்குப் போனவர், தோட்டம் நின்ற பிறகும் ஹட் பேயிலேயே தங்கிவிட்டார். நடுவில் இருப்பது சில மணி நேரக் கப்பல் பயணம். ஆனால் கப்பலில் ஏற ஏணிப்படி உண்டே! தம்பியால் ஏற முடியவில்லை. அக்காவுக்கும் அதே குடும்ப முட்டி. ஆறு வருடமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும்தான். நானும் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன்.

"டேய், முட்டி மடங்குதாடா?"

"மடங்குதுக்கா. நிமிரத்தான் அழுவுது."

"எனக்கு நிமிருது, மடங்கத்தான் மாட்டேங்குது. நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து ஆண்டவன் ஒரே ஒரு நல்ல முட்டி குடுத்திருக்கான்டா."

யார் முதலில் சொந்தக் காலில் ஏணி ஏறுகிறார்களோ அவர் மற்றவரைப் பார்க்கப் போக வேண்டும் என்று இருவருக்கும் பந்தயம். அதற்காகத்தான் கார்பின்ஸ் கோவ் கடற்கரையில் தினமும் காலை ஆறு மணிக்கு இடுப்பளவு தண்ணீரில் நடந்தார். ஜங்லிகாட்டில் இருந்த அவர் வீட்டிலிருந்து என் ஸ்கூட்டரில் ஏற்றிப்போவது நான். துண்டும் ஃப்ளாஸ்க்கும் பிடித்துக்கொண்டு கரையில் நிற்பதும் நான். லைஃப் கார்டு விசில் ஊதி ஓடிவருவார்.

"தாதா, உதர் மத் ஜாவோ! மகர் ஹை!"

"முதலையா? வரட்டும். என் முட்டியக் கடிச்சா அதுக்குத்தான் பல்லு போவும்" என்பார் இவர். ஆனாலும் சொன்ன எல்லைக்குள்தான் நடப்பார்.

ஒரு வருடம் கழித்து நாள் குறித்தார். பஞ்சாங்கம் பார்க்கவில்லை, கடல் ஏறி வற்றும் நேரம் போட்ட ஓத அட்டவணை பார்த்தார். தண்ணீர் வற்றியிருந்தால் கப்பல் தாழ்ந்து நிற்கும், ஏணி சாய்வாக இருக்கும். தண்ணீர் ஏறினால் ஏணி செங்குத்தாகிவிடும். காலை ஆறரைக்குக் கப்பல், அப்போது நல்ல வற்று. ஆபீஸே அவரை வாழ்த்தி அனுப்பியது. வழியனுப்ப நான் கப்பல் நிற்கும் ஜெட்டிக்குப் போனேன்.

ஆறரைக் கப்பலுக்குப் பத்தரை மணிக்குத்தான் ஆள் ஏற்றினார்கள். அதற்குள் தண்ணீர் ஏறிவிட்டது. ஏணி தென்னை மரம் மாதிரி நின்றது. மொத்தம் பத்தொன்பது படி. வெந்நீர் சார் ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். கைப்பிடிக் கயிற்றைப் பிடித்தார். வலி குறைவான கால் முதலில், அதிகம் வலிக்கிற கால் பிறகு, ஒரு படிக்கு ஒரு மூச்சு. நான் அவர் பையோடு பின்னால் ஏறினேன். எட்டாவது படியில் நின்று இளைப்பாறினார்.

எனக்குப் பின்னால் மூட்டை முடிச்சோடு ஒரு கூட்டம். "சலோ பாய், சலோ!" "அரே, புட்டேகோ உட்டாவ்!" என்று, கிழவரைத் தூக்கச் சொல்லிக் கத்தல். ஒருவர் என் முதுகில் கோழிக் கூடையால் இடித்தார். எனக்கு மானம் போனது. அவருக்குப் போகவில்லை, எனக்குத்தான் போனது. மேலே நின்ற இரண்டு கப்பல் ஆட்களைக் கை காட்டி அழைத்தேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு இறங்கிவந்து, அவரை உட்காரவைத்து, அலாக்காகத் தூக்கி மேலே வைத்துவிட்டார்கள். கூட்டம் கை தட்டியது. நான்கூடச் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு, "பதினொண்ணுதான் தம்பி பாக்கி இருந்துச்சு" என்றார்.

போய் அக்காவைப் பார்த்துவிட்டு வந்தார். அக்கா கேட்ட முதல் கேள்வி, "ஏறுனியாடா?" என்பதுதானாம். "தூக்குனாங்கக்கா" என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார். அப்படியானால் இது பந்தயத்தில் சேராது என்று அக்கா சொல்லிவிட்டாராம். திரும்பி வரும்போது அதே கப்பல். அதே ஆட்கள் ஞாபகம் வைத்திருந்து, கேட்காமலே நாற்காலியோடு வந்து நின்றிருக்கிறார்கள். இதெல்லாம் பியூன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு காலையில் நான் போய் ஹாரன் அடித்தால் கதவு திறக்கவில்லை. "விட்டாச்சு தம்பி, போதும்" என்றார் ஆபீஸில். பதினொரு மணிக்கு ஃபேன் நின்றது, டீ குடித்தோம், ஆனால் என்னிடம் முட்டியைப் பற்றி அவர் பேசவில்லை. நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நாளைக்குக் கேட்கலாம் என்று ஒன்றரை வருடம் ஓட்டினேன். ஒரு மனிதன் ஒரு வருடமாக உழைத்துச் சேர்த்ததை, யாரோ நாலு பேர் கத்தியதற்காக நாலு நிமிடத்தில் பிடுங்கிவிட்டேன் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

அவர் ரிட்டயராகி, ஹட் பேக்கே குடிபோவதாகச் சொன்னார். "ஜெட்டிக்கு வரட்டுமா சார்?" என்றேன்.

"வேணாம் தம்பி" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனது கேட்காமல் கார்பின்ஸ் கோவ் போனேன். லைஃப் கார்டு என்னை அடையாளம் கண்டுகொண்டு, "ஆப் கே தாதா தோ ரோஜ் ஆதே ஹைன்" என்றார். தினமும் வருகிறாராம். இந்த ஊரில்தான் ஐந்து மணிக்கே விடிந்துவிடுகிறதே! அப்போதே ஆட்டோவில் வந்து நடந்துவிட்டு, நான் வரக்கூடிய ஆறு மணிக்கு முன்னால் வேட்டியைப் பிழிந்துகொண்டு கிளம்பிவிடுவாராம். அவர் கடலை விடவில்லை, என்னைத்தான் விட்டிருக்கிறார்.

கப்பல் நாளன்று சொல்லாமல் போனேன். ஜெட்டியில் நின்ற சரக்கு லாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். வழக்கம் போலக் கப்பல் தாமதம், வழக்கம் போல ஏணி செங்குத்து. அவர் வரிசையில் எல்லோரையும் முன்னால் விட்டுவிட்டுக் கடைசி ஆளாக ஏறினார். நாற்காலியோடு வந்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார். எட்டாவது படியில் நின்றார். நான் லாரியின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஒன்பது. பத்து. பதினைந்தில் வெகு நேரம் நின்றார். பத்தொன்பது ஏறியதும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, அக்காவிடம்தான், சத்தம் போட்டுச் சிரித்தார்.

ஓடிப்போய் "சார்!" என்று ஒரு குரல் கொடுக்க எனக்கு எவ்வளவு ஆசை. கொடுக்கவில்லை. கீழே நான் நிற்பதைப் பார்த்தால், இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகலாம் என்று அந்த மனிதர் பத்தொன்பது படியும் இறங்கி வந்துவிடுவார்.