வார்டன் அழுத காட்சி

உலகத்தார் அனைவரும் கையிலிருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டுக் கவனிக்க வேண்டிய அவசர அறிவிப்பு: ஒரு ஜெயில் படத்தின் கடைசிக் காட்சியைக் காணவில்லை.

காணவில்லை என்று முதலில் அலறியவர் பம்பு கம்பெனியின் ஸ்டோர் கீப்பர். பதினைந்து வருஷமாகப் போட்டியின்றி ஊழியர் மன்றச் செயலாளராக இருப்பவரும் அவரே. அந்தக் காட்சியில், நிரபராதியான கைதி விடுதலையாகும்போது வார்டன் தொப்பியைக் கழற்றி, "நீ உள்ளே இருந்த வரைக்கும் நான்தான்யா கைதி" என்று விம்முவார். கம்பெனியில் யார் ஓய்வு பெற்றாலும் ஸ்டோர் கீப்பர் இந்தக் காட்சியைச் சொல்லித்தான் விடை கொடுப்பார். கேட்டவர்கள் மூக்கைச் சிந்தியிருக்கிறார்கள்.

அந்தப் படத்தையே சனிக்கிழமை மன்றத்தில் போட்டால், வார்டன் கொட்டாவி விட்டார். கைதி கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போனான். படம் முடிந்துவிட்டது.

"என்ன சார், வார்டன் அழவே இல்லை?" என்றார் வெல்டர்.

"வெட்டிட்டானுங்கய்யா! படத்தோட உயிரையே வெட்டிட்டானுங்க!"

"ரெண்டு மணி நேரம் கைதிங்க தட்டோட வரிசையில நின்னானுங்களே, அதை ஏன் சார் விட்டு வச்சானுங்க?"

ஸ்டோர் கீப்பருக்குக் காது சிவந்தது. "அடுத்த சனிக்கிழமை முழுப் படத்தோட வர்றேன். வார்டன் அழலைன்னா செயலாளர் பதவியை ராஜினாமா பண்றேன்!"

அலைந்து திரிந்து முழுப் படத்தைப் பிடித்தார். நாற்பது நிமிஷம் கூடுதலாக இருந்தது. அந்த நாற்பது நிமிஷமும் கைதிகள் வரிசையில்தான் நின்றார்கள். கேன்டீன் மேனேஜர் தூங்கி நாற்காலியோடு சாய்ந்தார்.

"இதுவும் மோசடி!" என்று குதித்த ஸ்டோர் கீப்பர், வார்டனாக நடித்தவரின் நம்பரைத் தேடிப் பிடித்து, எல்லோர் முன்னாலும் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஐயா, தொப்பியைக் கழட்டி அழுதீங்களே, அந்த சீன்..."

"எனக்குத் தொப்பியே குடுக்கலையே தம்பி. அப்படி ஒரு சீன் இருந்திருந்தா நான் ஏன் மளிகைக் கடை வைக்கிறேன்?"

மன்றம் கூரை அதிரச் சிரித்தது. வெல்டர் மரியாதையாக ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நீட்டினார். "திங்கக்கிழமைக்குள்ள குடுத்தா போதும் சார். அவசரமில்லை."

"வயசாயிடுச்சு, பாவம்" என்று பின்வரிசையிலிருந்து யாரோ சொன்னதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

வெள்ளைத் தாளோடு வீட்டுக்கு வந்தார். ராஜினாமாவா எழுதுவார்? 'ரசிகனின் கண்ணீரைக் களவாடியது தொடர்பாக' என்று படக் கம்பெனிக்கு நோட்டீஸ் எழுதினார். ஏழு இடத்தில் 'வன்மையாக' போட்டார். சாட்சி என்ற இடத்தில் மட்டும் பேனா நின்றது.

மனைவி ஜன்னலோரம் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏய், இங்க வா. கல்யாணமான புதுசுல நாம சேர்ந்து பார்த்த படம். பக்கத்துல நீதானே உட்கார்ந்திருந்தே? போடு கையெழுத்து."

"எதுக்கு?"

"வார்டன் அழுததுக்கு!"

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"நீங்க பேரு போடும்போதே தூங்கிட்டீங்க. பஸ்ஸுல வரும்போது கதை கேட்டீங்க. படம் நல்லா இல்லை, நானா ஒண்ணு சொன்னேன்."