உங்கள் வீட்டு வழியில் மட்டும் கொதிக்கும் வண்டி

அன்பும் அதில் பாதி பயமும் கலந்து பெரிய மச்சானுக்கு உங்கள் தங்கச்சி வீட்டுக்காரன் எழுதுவது. இங்கே வண்டியைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே உங்கள் கோபத்தைத் தவிர எல்லாம் சுகமாக இருக்க வேண்டும். நீங்கள் போனை எடுக்காததால் நான் பேனாவை எடுத்தேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உங்கள் புது வீட்டைப் பார்க்கக் கிளம்பி, முதல் தடவை மேம்பாலத்தில் இன்ஜின் கொதித்துத் திரும்பினோமே, அன்றைக்கு எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்தான். வருகிறவர்களை நிற்க வைத்து ஒவ்வொரு குழாயாகத் திறந்து காட்டுகிறீர்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் மச்சான், சந்தோஷப்பட்டதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. இரண்டாம் தடவையும் அதே பாலத்தில் சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறிப் புகை கிளம்பியதும் உங்கள் தங்கச்சி வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். மூன்றாம் தடவை வண்டியைப் பார்க்கவே இல்லை. "உங்க அண்ணன் வீட்டுக்கும் இதே பாலந்தான், இதே தூரந்தான். அங்க போறப்ப மட்டும் பூனைக்குட்டி மாதிரி போகுது. எங்க அண்ணன் வீடுன்னா அதுக்குக் கொதிக்குதா, இல்ல உங்களுக்குக் கொதிக்குதா?" கேள்வி நியாயம்தான். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாட்டுத் தட்டு வருகிறது, பேச்சு வருவதில்லை. இன்னொரு தடவை வராவிட்டால் உறவே வேண்டாம் என்று நீங்கள் சொல்லி அனுப்பியதும் வந்து சேர்ந்தது.

நம் வண்டி நாற்பது வயதுக் கிழவி. அவளுடைய பெட்ரோல் இன்ஜினைக் கழற்றி, பழைய வேன் ஒன்றின் டீசல் இன்ஜினை உட்கார வைத்ததும், பிறகு ஆசைக்கு ஏசி மாட்டியதும் நான்தான். இன்ஜினைக் குளிர வைக்கும் ரேடியேட்டர் மட்டும் அவள் பிறந்த வீட்டில் கொடுத்த அதே சின்னது. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்பட்டான், மாற்றினோம். தண்ணீர் பம்பைச் சந்தேகப்பட்டான், மாற்றினோம். அப்புறம் என்னைச் சந்தேகப்பட்டான், என்னை மாற்ற அவனால் முடியவில்லை. நானும் சும்மா இருக்கவில்லை. பக்கத்து வீட்டு ரிட்டயர்டு ஆசாமி காலையில் என் வண்டியை நெருங்கி நிற்கிறாரே என்று அவரைச் சந்தேகப்பட்டு, மூன்று நாள் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன். மனுஷன் என் வண்டிக் கண்ணாடியில் மீசை சீவுகிறார், அவ்வளவுதான். ஆனால் நான் அந்த ஜன்னலில் யாரைப் பார்க்கிறேன் என்று உங்கள் தங்கச்சிக்குப் புதிதாக ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

கடைசியில் மெக்கானிக், வண்டியைப் பார்த்தது போதும், இனி ஆளைப் பார்க்கிறேன் என்று பின் சீட்டில் ஏறிக்கொண்டான். உங்கள் வீட்டுக்குப் போவது மாதிரியே கிளம்பச் சொன்னான், அதே நல்ல உடுப்பு, அதே சீட்டு. தெருமுனை தாண்டியதும் உங்கள் தங்கச்சி கையை நீட்டி ஏசியைப் போட்டாள். உடனே அவன், "அக்கா, இவரு அண்ணன் வீட்டுக்குப் போறப்பவும் இதைப் போடுவீங்களா?" என்றான்.

"அங்க எதுக்கு? ஜன்னலைத் திறந்துக்குவேன். எங்க அண்ணன் வீட்டுல வேர்த்து வழிஞ்சு எறங்குனா, தங்கச்சிய நல்லா வச்சுக்கலைன்னு இவரைத்தானே பேசுவாரு?"

பாலம் ஏறுவதற்குள் முள் ஏறிவிட்டது. டீசல் சூடும் ஏசிச் சூடும் சேர்ந்தால் அந்தச் சின்ன ரேடியேட்டர் என்ன செய்யும் என்றான் மெக்கானிக். மூன்று தடவையும் நான் பக்கத்தில்தான் இருந்தேன் மச்சான். சில்லென்று இருந்தது, யோசிக்கவில்லை. என் மானத்தைக் காப்பாற்றத்தான் அவள் இன்ஜினை வேகவைத்திருக்கிறாள். இப்போது என்னோடு பேசுகிறாள், பேசாத நாட்களுக்கும் சேர்த்து.

பெரிய ரேடியேட்டர் செய்யப் பத்து நாள் ஆகுமாம். நாங்கள் காத்திருக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை ஏசி இல்லாமல் வருகிறோம். முள்ளின் மேல் ஒரு கண் இருக்கட்டும், அது ஏறினால் ஹீட்டரைப் போடு, இன்ஜின் சூடு வண்டிக்குள் வந்து இறங்கிவிடும் என்றிருக்கிறான் மெக்கானிக். ஆகவே உங்கள் தங்கச்சி எந்தக் கோலத்தில் இறங்கினாலும் நான் அவளை நல்லபடியாகத்தான் வைத்திருக்கிறேன் என்று நம்பவும். உங்களுக்குத் தொந்தரவு கொடுக்காமல் சாயங்காலமே திரும்பிவிடுவோம். உங்கள் வீட்டு அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் வீடு விரிசல் காணாமல் நூறு வருஷம் நிற்கட்டும்.

இப்படிக்கு,
கொதிக்காத மச்சான்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போட மறந்து, சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வண்டி கொதிக்கவில்லை. பாலத்திலும் முள் நடுவிலேயே நின்றது. அங்கிருந்து உங்கள் வீடு வரை நான் முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதனால் உங்கள் கேட்டைப் பார்க்கவில்லை. நீங்கள் எல்லோரும் கடைக்குப் போயிருப்பதாக எதிர் வீட்டில் சொன்னார்கள். ரேடியேட்டர் உடைந்துவிட்டதால் பத்து நாள் இங்கேதான் இருப்போம். கடிதத்தைக் கேட்டின் மேல் வைத்திருக்கிறேன். கேட் படுத்திருப்பதால் காகிதம் நன்றாக நிற்கிறது.