சூசைப் பெரியப்பாவுக்கு மேசை கிடைக்காத கதை

படித்த பிள்ளைகளைக் கலியாண வேலைக்கு விடக்கூடாது. விட்டே ஆகவேண்டுமென்றால் சாப்பாட்டுக் கோப்பை துடைக்க விடலாம். என் தங்கச்சியின் கலியாணத்தில் என்னை ஆட்களை மேசைகளில் இருத்தும் வேலைக்கு விட்டார்கள்.

நான் அப்போது கொழும்பில் கணினிக் கோட்பாட்டில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். விஷயம் இதுதான். ஒரு கேள்விக்கு யாராவது விடை கொண்டுவந்தால், அது சரியா என்று கணினி சட்டென்று பார்த்துச் சொல்லிவிடும். அந்த விடையைத் தேடிப் பிடிப்பதும் அதேபோல லேசா, அல்லது தேடுவது என்றைக்குமே பெரும்பாடுதானா? இது உலகத்தில் இன்னும் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரியாததைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவேன், அவ்வளவுதான். (வீட்டில் யாரும் ‘படிப்பு எப்படிப் போகுது’ என்று கேட்பதை நிறுத்தி வெகுகாலம்.)

அம்மாவின் பயம் வேறு. அப்பாவின் அண்ணன் சூசைப் பெரியப்பா மூதூரில் இருக்கிறார். தம்பி மரியான் சித்தப்பா சல்லிப் பக்கம் வள்ளம் வைத்திருக்கிறார். ஒருகாலத்தில் சித்தப்பா இரவல் கொடுத்த வள்ள எஞ்சின் ஓர் ஆணி குறைவாகத் திரும்பி வந்ததாம். வரும்போதே குறைந்துதான் வந்தது என்பது பெரியப்பாவின் கட்சி. அன்றிலிருந்து கோபம். கடைசியாக இருவரும் ஒரே மேசையில் இருந்த சடங்கில் சம்பல் சட்டி பறந்தது.

“இந்தக் கலியாணத்திலையும் சண்டை வந்தா மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னாலை நான் எப்பிடி முழிப்பன்? நான் நேரை துறைமுகத்திலை போய் விழுந்திடுவன்,” என்றார் அம்மா.

“நீங்கள் யோசிக்காதேங்கோ அம்மா, நான் ஒரு புரோகிராம் எழுதுறன்.”

“அது கோபம் தீர்க்குமோ மகள்?”

“இல்லை. கோபக்காரரைப் பிரிச்சு இருத்தும்.”

உட்கார்ந்து எங்கள் குடும்பத்தின் கோபங்களையெல்லாம் கணினிக்குள் ஏற்றினேன். யார் யாரோடு கதைப்பதில்லை, யாருக்கு மின்விசிறிக்குக் கீழே கதிரை வேண்டும், பாதருக்குப் பக்கத்தில் எந்தெந்த மாமாமார் இருக்கவே கூடாது. ஏற்ற ஏற்ற வந்துகொண்டே இருந்தது. இப்படி இருத்துவது நான் ஆராய்கிற அதே பொல்லாத வகைப் பிரச்சினை. ஆட்கள் கூடினால் கணினி தேடித் தேடிக் கிழடாகிப் போகும் என்பதைப் பற்றி நானே ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். இருந்தும், எங்கள் குடும்பம்தானே, சின்னதுதானே என்று நினைத்தேன். யானை தன் தலையில் தானே மண் போடும் என்பார்கள்.

மடிக்கணினி தேடத் தொடங்கியது. சூட்டுக்கு அதில் தோசை சுட்டிருக்கலாம். மண்டப வாசலுக்கு மேசைப் பலகை அடிக்கும் அச்சகக்காரர் கேட்ட நேரத்துக்குள் முடியாது போலிருந்ததால் ஒரு கெடு வைத்தேன். கெடுவுக்குள் இடம் கிடைக்காத ஆளின் பெயருக்கு நேரே ‘ஏலாது’ என்று எழுதிவிடு என்று சொல்லிவைத்தேன். முடிந்ததும் திறந்துகூடப் பார்க்காமல் அச்சகத்துக்கு அனுப்பினேன்.

எங்கள் ஊரில் ‘ஏலாது’ என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. முடியாது என்பதற்கும் அதுதான். சுகமில்லை என்பதற்கும் அதுதான்.

கோயிலில் தாலி கட்டி முடிந்து எல்லோரும் துறைமுகத்தைப் பார்த்திருக்கும் மண்டபத்துக்கு வந்தார்கள். வாசலில் பெரிய பலகை. ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரு மேசை இலக்கம். ஒரே ஒரு பெயருக்கு நேரே மட்டும் தடித்த எழுத்தில்:

சூசைப் பெரியப்பா – ஏலாது.

பெரியப்பாவோ கோயிலுக்கும் வரவில்லை. (அவர் எந்தக் கலியாணத்துக்கும் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வருவார். அந்த நேரத்தில் அது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.)

“ஐயோ, சூசைக்கு ஏலாதாம்!”

“பலகையிலை போடுற அளவுக்கு எண்டா சீரியஸ்தான்.”

மேசைக்கு மேசை போகப் போகப் பெரியப்பாவின் நோய் வருத்தம் முற்றியது. முதல் மேசையில் காய்ச்சல், நடு மேசையில் நெஞ்சுவலி, பாதரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் சிலுவை போட்டுக்கொண்டார். நான் குசினிப் பக்கம் ஐஸ்கிரீம் எண்ணப் போயிருந்ததால் ஒன்றும் தெரியாது.

மரியான் சித்தப்பா பலகைக்கு முன்னால் நின்று வாசித்தார். திரும்பவும் வாசித்தார். பிறகு, “அண்ணைக்கு ஏலாதாம், நீங்கள் இஞ்சை புரியாணி தின்னுறியளோ!” என்று கத்திக்கொண்டு பொம்பிளை மாப்பிள்ளைக்குச் சோடித்த வான் வண்டியிலேயே ஏறிவிட்டார். பின்னால் பாதிச் சபை ஏறியது. பூவும் பலூனுமாக வான் மூதூர் றோட்டில் பறந்தது.

அது கண்ணுக்கு மறைந்த கையோடு, ஓட்டோவிலிருந்து புது வேட்டியும் பரிசுப் பெட்டியுமாகப் பெரியப்பா இறங்கினார். அவரைக் கண்டு அம்மா வீறிட்டார். பெரியப்பா பலகையை வாசித்தார்.

“எனக்கு ஏலாதோ? ஆர் சொன்னது?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஏலாமல் வந்தது அப்போதுதான்.

சித்தப்பாவுக்கு அழைப்பெடுத்தோம். அரைமணி நேரம் கழித்து எடுத்தபோது அவர் கிண்ணியாப் பாலத்தில் நின்றார், அழுதுகொண்டு. பெரியப்பா போனைப் பறித்தார்.

“டேய் மரியான், நான் சாகேல்லையடா. வானைத் திருப்பு, புரியாணி ஆறுது.”

மறுபக்கம் கொஞ்ச நேரம் மூக்குறிஞ்சும் சத்தம். பிறகு, “நான் வரும்வரை சாப்பிடாதையுங்கோ அண்ணை.”

கோபம் என்று நான் எழுதிவைத்ததெல்லாம் கோபமே இல்லை போலிருக்கிறது.

சித்தப்பா வந்ததும் மணமக்கள் மேசையிலேயே இரண்டு கதிரை போட்டு இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்தினார்கள். இனிப்புக்கு வட்டிலப்பம் வருவதற்குள் ஆணிக் கதை தொடங்கிவிட்டது. “குறைஞ்சுதான் வந்தது!” “இல்லை, முழுசாத்தான் தந்தனான்!” அம்மா முன்ஜாக்கிரதையாகச் சம்பல் சட்டியை எடுத்துக்கொண்டு போனார். சட்டி தேவைப்படவில்லை. இருவரும் சத்தம் போட்டுக்கொண்டே ஒருவர் கோப்பையில் ஒருவர் இறைச்சி போட்டார்கள்.

உண்மையில் பலகையில் நான் போட்டிருக்க வேண்டியது ‘தெரியாது’. கணினி கண்டுபிடிக்கவில்லை, அவ்வளவுதான். ‘ஏலாது’ என்று அது நிரூபிக்கவே இல்லை. இந்த வித்தியாசத்தைப் படிக்கத்தான் நான் கொழும்புக்குப் போனேன்.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் நோய் வருத்தம் வருவதில்லை, மேசைதான் கிடைப்பதில்லை. தடிமன் காய்ச்சல் என்றால் “அவருக்கு மேசை கிடைக்கேல்லை.” என் ஆராய்ச்சி நேர்முகப் பரீட்சைக்கு முதல்நாள் எனக்குக் கடும் காய்ச்சல். என் பேராசிரியர் அழைத்தபோது போனை எடுத்தது அம்மா.

“மகளுக்கு மேசை கிடைக்கேல்லை, சேர்,” என்றார்.

பேராசிரியர் பதறிப்போய், “மேசை கதிரை எல்லாம் நாங்கள் ஒழுங்கு செய்திருக்கிறம் அம்மா, அவவை வரச்சொல்லுங்கோ,” என்றாராம்.