கல்லைத் தொடாதீங்க

கல்லின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு டீக்கறை காய்ந்து கிடந்ததைப் பார்த்ததும் அவர் தோளில் கிடந்த துண்டாலேயே துடைத்துப் பார்த்தார்; போகவில்லை.

சாதாரணக் கல்லா அது! சமையலறைத் தரைக்கு இயற்கைக் கல்தான் வேண்டும் என்று மனைவி மாதக்கணக்கில், ஞாயிற்றுக்கிழமைதோறும் அவரைக் கடை கடையாக இழுத்துப்போனாள். ஒன்று வழுக்குகிறது, ஒன்று இருட்டடிக்கிறது, ஒன்று ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது. எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, மாதிரிக்கு என்று வீடுவரை வந்து சேர்ந்த ஒரே கல், சாம்பல் கோடு ஓடிய இந்த வெள்ளைப் பளிங்குதான். இன்று மாலை டைல்ஸ் போடுகிறவரோடு வந்து முடிவு சொல்வதாக இருந்தாள். இதுவும் போனால் அவருடைய ஞாயிற்றுக்கிழமைகளும் போயின.

அவருக்கு அன்று லீவு. காலையில் அவர் குளிக்கும்போது குளியலறைக் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுத்தான் மனைவி ஆபீஸுக்குப் போனாள்.

"கல்லைத் தொடாதீங்க. நான் வர்றவரைக்கும் அது அப்படியே இருக்கணும்."

அவரோ குளிக்கப் போகும் முன் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றுதான் டீ குடித்திருந்தார். எப்போது சிந்தியது என்று நினைவில்லை. எப்போதுதான் நினைவிருந்திருக்கிறது? சோபாவில் சிந்தியதும், மெத்தையில் சிந்தியதும், மச்சானின் கல்யாணச் சட்டையில் சிந்தியதும் மற்றவர்கள் கத்தித்தான் அவருக்குத் தெரியும்.

சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தார். கறை இன்னும் அகலமாகப் பரவியது. பயந்துபோய் எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். எதற்கும் கைவசம் ஒரு வைத்தியம் வைத்திருப்பவர் அவர்.

"எலுமிச்சம்பழம் தேய்ங்க சார். எங்க வீட்டு அண்டா இன்னிக்கும் கண்ணாடி மாதிரி இருக்கு."

"இது கல்லு சார்."

"கல்லா இருந்தா என்ன, அண்டாவா இருந்தா என்ன? அழுக்கு ஒண்ணுதானே?"

கறை போகவில்லை. பளபளப்புதான் போயிற்று. எலுமிச்சை பட்ட இடமெல்லாம் சுண்ணாம்புச் சுவர் மாதிரி வெளிறிக் கிடந்தது.

"அய்யய்யோ! மினுமினுப்பு போச்சே!"

"பதறாதீங்க. ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க, மினுங்கும்."

கல் எண்ணெயை ஆசையாகக் குடித்துவிட்டுக் கறுத்துப்போனது. எதிர்வீட்டுக்காரருக்குத் திடீரென்று அடுப்பில் பால் வைத்தது நினைவுக்கு வந்தது. கிளம்பிவிட்டார்.

இவர் கல்லைப் பையில் போட்டுக்கொண்டு, மாதிரி கொடுத்த கடைக்கு ஓடினார்.

"இதே மாதிரி ஒண்ணு வேணும். அச்சு அசலா."

கடைக்காரர் கல்லைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "இது இயற்கைக் கல்லுங்க. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு வராது. என்ன பண்ணீங்க, தாளிச்சீங்களா?"

"என் குடும்பமே இதுல இருக்கு. கொஞ்சம் தேடுங்க. நான் வந்தது வீட்டுக்குத் தெரியக் கூடாது."

"நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது சார்."

அடுக்கடுக்காக இறக்கிப் பார்த்தார்கள். அந்தச் சாம்பல் கோடு ஒரு கல்லில் தடித்திருந்தது, இன்னொன்றில் இல்லவே இல்லை. வெயில் இறங்கும் நேரத்தில், குடோன் மூலையில், தலைகீழாக வைத்தால் கிட்டத்தட்ட அதே கோடு தெரிகிற கல் ஒன்று கிடைத்தது. பழையதை அங்கேயே தலைமுழுகிவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தார்.

புதுக் கல்லைத் தரையில் வைத்து நிமிர்வதற்குள் வாசல் கதவு திறந்தது.

மனைவி நேரே சமையலறைக்கு வந்தாள். பின்னாலேயே டைல்ஸ் போடுகிறவர். அவள் குந்தி உட்கார்ந்து, செல்போன் வெளிச்சத்தில் கல்லை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். விரலால் தடவினாள். கல் தலைகீழாக இருப்பது தெரிந்துவிடுமோ என்று அவர் தவித்தார்.

"இதைத் தொட்டீங்களா?"

"நானா? அந்தப் பக்கமே போகலையே!"

"துடைக்கக்கூட இல்லையே?"

"சத்தியமா இல்ல."

அவள் முகம் மலர்ந்தது. அந்த முகத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! உடனே கடைக்குப் போன் போட்டாள்.

"அதே கல்லுதாங்க. கிச்சனுக்கு மட்டுமில்ல, ஹாலுக்கும் சேர்த்து. இப்பவே வெட்ட ஆரம்பிச்சுடுங்க. என்னது, வெட்டினா திருப்பி எடுக்க மாட்டீங்களா? நான் எதுக்குத் திருப்பப் போறேன்?"

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நீங்க இருக்கிற வீட்டுக்கு இந்தக் கல்லுதாங்க சரி," என்று மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

டைல்ஸ் போடுகிறவர் மட்டும் குனிந்து கல்லைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆச்சரியமா இருக்கு அக்கா. காலையில அரை டம்ளர் டீயை இது மேல ஊத்தி வெச்சுட்டு வந்தேன்னு நீங்க சொன்னப்போ, இந்நேரம் நல்லாக் கறை பிடிச்சிருக்கும்னுல்ல நினைச்சேன்!"