வெராகுரூஸ் கோப்பியும் சிப்பிப் பணிசும்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வராத நாட்டுக் கப்பல் இல்லை. ஆனால் திருகோணமலையில் இருந்தபடியே இன்னொரு நாட்டில் குடியிருந்தவர் எனக்குத் தெரிய ஒரே ஒருவர்தான். அவர் படுத்தெழும்புவது பாலையூற்றில். சமைப்பது துறைமுகக் கன்ரீனில். சீவித்தது மட்டும் மெக்சிக்கோவில்.

ஆளின் பெயரும் அதுதான். மெக்சிக்கோ. தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். அதைச் சொல்லி விசாரித்தால் பக்கத்து வீட்டுக்காரரே, அப்படி ஒருவர் இந்தப் பக்கம் இல்லை என்று அனுப்பிவிடுவார். சின்னவர்களுக்கு அவர் மெக்சிக்கோ மாமா. எங்களைப் போன்றவர்களுக்கு மெக்சிக்கோ அண்ணன். அவரோடு கோபமாக இருப்பவர்கள் கூட அந்த நாட்டின் பெயரைச் சொல்லித்தான் திட்ட வேண்டியிருந்தது.

நான் அப்போது தேயிலைக் களஞ்சியமொன்றில் கிளாக்கர். மத்தியானச் சாப்பாடு அவருடைய கன்ரீனில். சுதந்திரம் கிடைத்த கையோடு அவர் ஒரு சரக்குக் கப்பலில் ஏறி, அதன் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டே உலகத்தைச் சுற்றி வந்தவர். லண்டன் எப்படி என்று கேட்டால் குளிர் என்பார். நியூயோர்க் எப்படி என்று கேட்டால் உயரம் என்பார். அதோடு சரி. மெக்சிக்கோவின் வெராகுரூஸ் துறைமுகத்தைப் பற்றி மட்டும் தெரியாத்தனமாக யாராவது வாய் திறந்துவிட்டால், அன்றைக்குப் பருப்பு அடிப்பிடிக்கும்.

வெராகுரூசில் கடலைப் பார்த்தபடி ஒரு பெரிய கோப்பிக் கடை. உள்ளே போய்க் கதிரையில் உட்கார வேண்டியதுதான். உயரமான கண்ணாடிக் கிளாசில் கரும்கோப்பியைக் கொஞ்சமாக ஊற்றி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பால் வேண்டுமென்றால் வாயைத் திறக்கக் கூடாது. கரண்டியால் கிளாசில் தட்ட வேண்டும். தட்டினால் ஒருவன் பெரிய கேத்திலோடு வருவான். கேத்திலைத் தலைக்கு மேலே தூக்கி, ஆவி பறக்கும் பாலை அந்தக் கிளாசுக்குள் ஊற்றுவான். ஒரு துளி வெளியே சிந்தாது. நாங்கள் கையைக் காட்டும்வரை ஊற்றிக்கொண்டே நிற்பான்.

அதற்குப் பக்கத்தில் பேக்கரி. அங்கே பாணை அவர்களும் ஏறக்குறைய பாண் என்றுதான் சொல்வார்கள் என்பதில் அவருக்கு ஒரு சொந்தக்காரப் பெருமை. வட்டத் தட்டமும் இடுக்கியும் கையில் தந்துவிடுவார்களாம். அலுமாரி அலுமாரியாக இனிப்புப் பணிஸ். எங்களுக்குப் பிடித்ததை நாங்களே எடுத்துக்கொள்ளலாம். அதிலே ராசா சிப்பிப் பணிஸ். மேலே சீனியும் மாவும் பிசைந்து அப்பி, சிப்பியின் கோடுகள் மாதிரிக் கீறி வைத்திருப்பார்கள். இந்த இடத்தில் அவர் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோய், கண்ணை மூடி, ஒரு கடி கடிப்பார். வெறும் காற்றைத்தான் கடித்தார். ஆனால் மேசையில் இருந்த நாங்கள் அத்தனை பேரும் எச்சில் விழுங்குவோம். பிறகு குனிந்து எங்கள் சாப்பாட்டுக் கோப்பையில் இருக்கும் கீரையைப் பார்ப்போம்.

அவர் அங்கே தங்கிய காலம் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது மூன்று நாள். எனக்குச் சம்பளம் கூடியபோது ஒரு மாதம். எனக்குக் கல்யாணம் நடந்த வருடம் அவர் வெராகுரூசில் ஒரு மாரிகாலம் முழுவதையும் கழித்திருந்தார். இந்தக் கணக்கில் போனால் அங்கேதான் பிறந்தேன் என்று சொல்லப்போகிறார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன்.

எங்கள் ஊரில் கோப்பி என்பது தடிமன் காய்ச்சலுக்கும் செத்த வீட்டுக்கும் உரியது. சுக்கும் மல்லியும் போட்டு இடித்த அந்தத் தூளைக் குடித்தால் தடிமனும் போகும், கோப்பி ஆசையும் போகும். மெக்சிக்கோ அண்ணன் அதற்கும் அசரவில்லை. எங்கே செத்த வீடு என்றாலும் முதல் ஆளாகப் போய்விடுவார். ஒருநாள் ஒரு வீட்டில் கோப்பியை வாங்கி ஒரு வாய் உறிஞ்சினார். எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. நெஞ்சு வெடிக்கிற மாதிரி ஒரு பெருமூச்சு விட்டு, கண் கலங்கி, சுவரில் சாய்ந்துவிட்டார். செத்தவரின் மகன் ஓடிவந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, அப்பாவுக்கு இவ்வளவு நெருக்கமான ஒருவர் இருந்தது தங்களுக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று அழுதான். முப்பத்தோராம் நாள் அந்திரட்டிச் சாப்பாட்டில் அவருக்கு முன்வரிசையில் இலை போட்டார்கள்.

கன்ரீனில் அந்தக் கரண்டி வழக்கத்தைக் கொண்டுவர அவர் எடுத்த முயற்சியையும் சொல்ல வேண்டும். பாலில்லாத பிளேன்ரீ வேண்டுமென்றால் யாரும் கத்தக் கூடாது, கிளாசில் தட்ட வேண்டும் என்று ஒருநாள் சட்டம் போட்டார். துறைமுகத் தொழிலாளிகளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. கன்ரீன் முழுவதும் ஒரே நேரத்தில் தட்டத் தொடங்கியது. மேல்மாடியில் இருந்த அதிகாரிக்கு இது வேலைநிறுத்தத்தின் ஆரம்பமாகக் கேட்டிருக்கிறது. மனிதர் வியர்க்க விறுவிறுக்க இறங்கி வந்து, எல்லோரும் அமைதியாக இருக்க வேண்டும், உங்கள் கோரிக்கையைக் கவனிக்கிறேன் என்றார். கோரிக்கை என்ன என்று யாருக்கும் தெரியாது. ஒருவன் எழும்பி, பிளேன்ரீக்குப் பதிலாகப் பால் தேத்தண்ணி என்றான். அடுத்த நாளிலிருந்து பால் தேத்தண்ணி வந்தது. மெக்சிக்கோ அண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். தோளில் இருந்தபடி அவர், கோப்பியைக் கேட்டிருக்கலாமே என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

பிறகு மாவுப் பஞ்சம் வந்தது. எழுபதுகளில் அதை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சீனி கூப்பனுக்கு. பாண் வரிசைக்கு. மற்ற நேரமெல்லாம் மரவள்ளிக்கிழங்கு. உட்துறைமுக வீதியில் நான் குடியிருந்த அறைக்குக் கீழேதான் நானாவின் பேக்கரி. நானா குறிஞ்சாக்கேணிக்காரர், வேலையில் நெருப்பு, வார்த்தையில் சிக்கனம். விடியற்காலையில் அவருடைய கதவுக்கு முன்னால் வரிசை வளைந்து நெளிந்து நிற்கும். அந்த வரிசையின் நடுவில் நின்றுகொண்டு, அரை றாத்தல் பாண் கிடைக்குமோ கிடைக்காதோ என்று வயிறு கத்துகிறவர்களுக்கு, மெக்சிக்கோ அண்ணன் தட்டத்தையும் இடுக்கியையும் பற்றிக் கதை சொல்வார்.

சல்லிக் கிராமத்திலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா ஒருத்தி இருந்தாள். அவள்தான் முதலில் வெடித்தது. அந்த வாயை மூடாவிட்டால் கூடையில் இருக்கும் திருக்கை வாலால் அடிப்பேன் என்றாள். அவர் மூடிக்கொண்டார். வரிசை அமைதியானது. கொஞ்ச நேரத்தில் அவளே திரும்பி, அந்தச் சிப்பிப் பணிசுக்கு மேலே சீனி எவ்வளவு தடிப்பாக இருக்கும் என்று கேட்டாள். அவர் விரலால் காட்டினார். முன்னாலும் பின்னாலும் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதன் பிறகு பஞ்சம் முடியும்வரை அந்த வரிசைக்கு அவர்தான் காலைச் சாப்பாடு. காய்ச்சலில் அவர் வராத நாளில், வரிசையில் நிற்கவே கால் உளைகிறது என்று முறைப்பட்டார்கள்.

அந்த நாட்களில்தான் அவர் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டார். மாவும் சீனியும் மட்டும் வரட்டும், அந்தப் பணிசை நானே சுட்டுத் தருகிறேன் என்று. பஞ்ச காலத்தில் யாரும் எதையும் சொல்லலாம். ஆனால் ஆட்சி மாறி, கப்பல் கப்பலாக மாவு வந்து இறங்கியது. மீன்கார அக்கா அதை மறக்கவில்லை. இனித் தட்டிக்கழிக்க என்ன சாட்டு என்று கேட்டாள். நானாவும் கதவைத் திறந்துவிட்டார். வெள்ளிக்கிழமை யும்மாத் தொழுகை முடிந்து பின்னேர வேலை தொடங்கும்வரை பாண் சுடும் போறணை சும்மாதான் சூடாகக் கிடக்கும், வந்து சுடுங்கள் என்றார்.

வெள்ளி மத்தியானத்துக்குப் பிறகு என்னைக் களஞ்சியத்தில் தேடுவதை என் மேலதிகாரி எப்போதோ கைவிட்டிருந்தார். அதனால் முதல் தட்டம் வெளியே வந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். உப்பி, மேலே சீனி வெடித்து, சிப்பிக் கோடு விழுந்து, வாசம் உட்துறைமுக வீதி முழுக்கப் போனது. நான் நிறுத்தாமல் ஐந்து தின்றேன். நானா ஒன்றைத் தின்றுவிட்டுத் தலையை ஆட்டினார்; அவரிடமிருந்து அது பெரிய பரிசு. மெக்சிக்கோ அண்ணன் ஒரு கடி கடித்தார். மெதுவாக மென்றார். மிச்சத்தைத் தட்டத்தில் வைத்துவிட்டு, இது அதில்லை என்றார்.

அடுத்த வெள்ளியும் அதில்லை. அதற்கடுத்த வெள்ளியும் அதில்லை. ஒருமுறை இனிப்புக் காணாது என்பார். கூட்டிப் போட்டால் இனிப்புக் கூடிவிட்டது என்பார். மெதுமை காணாது என்பார். பட்டர் போட்டு மெதுமையாக்கினால், கொஞ்சம் இறுக்கம் வேண்டும் என்பார். கடைக்கு வெளியே மீன்கார அக்காவும் பழைய வரிசைக்காரரும் வெள்ளி தோறும் வந்து தீர்ப்புக்காக நின்றார்கள். இது அதில்லை என்ற செய்தி வந்ததும் அவர் ஒதுக்கியதை எல்லாம் வாங்கித் தின்றுவிட்டுச் சந்தோசமாக வீட்டுக்குப் போனார்கள். மெலிந்துகொண்டு போனவர் மெக்சிக்கோ அண்ணன் ஒருவர்தான். நானாவுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு வெள்ளி போறணைக் கதவைச் சாத்திவிட்டு, மாக் கையைத் துடைத்தபடி அவருக்கு முன்னால் வந்து நின்றார்.

"மெக்சிக்கோ, கோவிக்காம ஒண்டு சொல்லுங்க. அந்தப் பணிஸ் வாயில வச்ச உடன கரையுமா, இல்லாட்டி மெண்டு தின்னணுமா? அத மட்டும் சொல்லுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிறன்."

மெக்சிக்கோ அண்ணன் பேசாமல் இருந்தார். வெராகுரூசைப் பற்றிக் கேட்டு அவர் பேசாமல் இருந்ததை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

"தெரியாது, நானா."

"மறந்திட்டீங்களா?"

"இல்லை. நான் தின்னேல்லை."

போறணைக்குள் விறகு சரிந்த சத்தம் கேட்டது. அவர் மாவு மூட்டையில் உட்கார்ந்துகொண்டார். கப்பல் அங்கே நின்றது ஒரு மாதமும் இல்லை, மூன்று நாளும் இல்லை. ஒரே ஒரு பின்னேரம். குசினியிலிருந்து கெஞ்சிக் கூத்தாடி இறங்கியவர், பேக்கரியில் சிப்பிப் பணிஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு கோப்பிக் கடையில் போய் உட்கார்ந்திருக்கிறார். மற்றவர்களைப் பார்த்துத் தானும் கரண்டியால் தட்டியிருக்கிறார். கேத்தில்காரனும் வந்திருக்கிறான்.

"அவன் பால் ஊத்திக்கொண்டு நிக்கிறான். கப்பல் ஊதுது. கப்பல் போயிட்டுதெண்டால் அந்த ஊரிலை நான் ஆர்? எழும்பி ஓடினன். வாசலிலை நிண்டு ஒருக்காத் திரும்பிப் பாத்தனான். கிளாஸ் நிரம்பி நுரை நிக்குது. பக்கத்திலை பணிஸ். அவன் கேத்திலோடை என்னையே பாத்துக்கொண்டு நிக்கிறான்." அவர் முகத்தைத் துடைத்தார். "ஒரு வாய் திண்டிருந்தால் அண்டைக்கே மறந்திருப்பன், நானா."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். இத்தனை வருடம் இந்த மனிதர் என்னை எச்சில் விழுங்க வைத்தது, தான் வாயே வைக்காத ஒரு பணிசுக்காக. ஆனால் சிரிப்பு வரவில்லை.

"வெளியிலை சொல்லிப்போடாதையுங்கோ," என்றார். "இந்த ஊரிலை என்னட்டை வேறை ஒண்டும் இல்லை. பிள்ளையில்லை, குட்டியில்லை. அது ஒண்டுதான்."

வெளியே மீன்கார அக்கா கதவைத் தட்டி, என்ன, சரி வந்துவிட்டதா என்று கேட்டாள். நானா பொய் சொல்கிற மனிதர் இல்லை. அதிலும் வெள்ளிக்கிழமை, யும்மா தொழுதுவிட்டு வந்த கையோடு. அவர் கதவைத் திறந்து வாசலில் போய் நின்றார். எல்லோரும் அவருடைய வாயைப் பார்த்தார்கள்.

"மெக்சிக்கோ அங்க திண்டத விட இது ருசி. அல்லா அறியச் சொல்றன்," என்றார்.

வெளியே ஆரவாரம் கேட்டது. நானா கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். தட்டத்திலிருந்து நல்லதாக ஒரு பணிசைத் தேடி எடுத்து மெக்சிக்கோ அண்ணனின் கையில் வைத்தார்.

"இது அதில்ல எண்டு எனக்கும் தெரியும். இது என்ர போறணையில சுட்டது. இதையாவது முழுசாத் தின்னுங்க. இங்க ஒரு கப்பலும் ஊதாது."

அவர் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தின்றார். ஒரு கடியோடு நிறுத்தவில்லை. விரலில் ஒட்டிய சீனிவரை தின்று முடித்தார். எப்படி என்று நானா கேட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, சீனி கூட என்றார். நானா சிரித்தார். அவருக்குப் பல் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அதிலிருந்து அந்தக் கடையில் வெள்ளி தோறும் மெக்சிக்கோ பணிஸ் விற்பனையானது. நிலாவெளியிலிருந்தும் மூதூரிலிருந்தும் தேடி வந்து வாங்கினார்கள். மெக்சிக்கோ அண்ணனும் முதல் தட்டத்தில் ஒன்று தின்பார்; ஒவ்வொரு முறையும் ஒரு குறை சொல்வார்; நானாவும் ஒவ்வொரு முறையும் அதைக் கேட்டுக்கொள்வார். கன்ரீனில் கதையும் நிற்கவில்லை. புதிதாக வேலைக்கு வந்த பெடியன்களுக்கு அவர் வெராகுரூசில் ஒரு வருடம் இருந்தவர். அவர் அகப்பையைக் கீழே வைத்து, விரல்களைக் குவித்து, கண்ணை மூடும் இடம் வரும்போது நான் வேறெங்காவது பார்த்துக்கொள்வேன். அவருடைய முகத்தைப் பார்த்தால் நான் அழுதுவிடக் கூடும் என்ற பயம். அவ்வளவு ஆசையோடு ஒரு மனிதர் எதையும் தின்று நான் பார்த்ததில்லை.

பிறகு நான் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ நல்ல கோப்பி குடித்துவிட்டேன். மெக்சிக்கோ அண்ணன் குடிக்காமல் விட்டுவிட்டு ஓடிவந்த கோப்பிக்கு அவற்றில் ஒன்றுகூடக் கிட்ட வரவில்லை.